இஞ்சருங்கோ, நான் போட்டு வாறன்

கொழும்பு வெள்ளவத்தை வீட்டிலிருந்து என் அம்மா வெளியே கிளம்புவதென்றால் அது ஒரு சின்ன நாடகம். மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முதலில் ஜன்னல்களைச் சாத்துவார். பிறகு வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்குவார். கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவை ஒரு சாண் திறந்து வைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்து, கட்டிடம் முழுக்கக் கேட்கும் குரலில் சொல்லுவார்.

"இஞ்சருங்கோ, நான் போட்டு வாறன்! கதவைப் பூட்டிக்கொண்டு படுங்கோ!"

அதன்பிறகு கதவைத் தானே இழுத்துச் சாத்தி, சத்தம் வராமல் திறப்பைத் திருப்பி, அதைக் கைப்பையின் அடியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் படியிறங்குவார்.

உள்ளே ஒருவரும் இல்லை. அப்பா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். 'இஞ்சருங்கோ' என்பதுதான் பெயர். இங்கே பாருங்கோ என்பது வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது, போய்விட்டு வருகிறேன் என்பது 'போட்டு வாறன்' ஆனதுபோல. மகனை அப்படிக் கூப்பிடுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுவதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் அந்த வீட்டுக்குள் ஒரு புருஷன் இருக்கிறார் என்று அர்த்தம். அம்மாவின் திட்டமும் அதுதான். படிக்கட்டில் எவனாவது பதுங்கி நின்றால் அவன் காதில் விழட்டும்.

"கள்ளனுக்குத் தமிழ் தெரியாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெண்சாதி கத்துற சத்தம் எந்தப் பாஷைக்காரனுக்கும் விளங்கும்," என்றார்.

"அம்மா, உண்மையாச் சொல்லுங்கோ. நீங்கள் இதை ஆருக்குச் சொல்லுறியள்?"

"கள்ளனுக்குத்தான். வேறை ஆருக்கு?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அப்பாவை ஒரு நாய் மாதிரிக் காவலுக்குக் கட்டி வைத்திருக்கிறாரே என்று ஒரு நாள் கோபத்தில் சொல்லியும்விட்டேன். அன்றைக்கு அம்மா எனக்குத் தேநீர் தரவில்லை.

நான் கொழும்புக்கு வெளியே வத்தளையில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறேன், அக்கா ரொறொன்ரோவில். அப்பா போனபிறகு அம்மாவைத் தன்னோடு கூப்பிட அக்கா எவ்வளவோ முயன்றாள். வத்தளைக்காவது வாருங்கள் என்று நான் கெஞ்சினேன். "இது என்ரை வீடு" என்ற மூன்று சொல்லோடு அம்மா கதையை முடித்துவிடுவார். ஆகவே ஆளை அசைக்க முடியாத நாங்கள் வீட்டை இறுக்கத் தொடங்கினோம்.

அது பொருட்களின் விலை ஏறி, வேலை இல்லாதவர்கள் பெருகி, கொழும்பில் பித்தளைக் குழாய்களையும் தண்ணீர் மீட்டரையும்கூடக் கழற்றிக்கொண்டு போன காலம். எங்கள் ஒழுங்கையின் கடற்கரைப் பக்கத்து வீடொன்றில் பட்டப்பகலில் புகுந்து, ஒரு வயதான அம்மாவைக் கதிரையில் கட்டி வைத்துவிட்டு நகைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. கண்ணை மூடினால் கதிரையில் என் அம்மா.

கதவுக்கு முன்னால் இரும்புக் கேட் ஒன்று போட்டேன். ஆமைப்பூட்டுப் போடத்தான் முதலில் நினைத்தேன். அம்மா ஒற்றைக்காலில் நின்று மறுத்துவிட்டார். "வெளியிலை ஆமைப்பூட்டுத் தொங்கினால், உள்ளை ஆள் இல்லையெண்டு கள்ளனுக்கு நானே போர்ட் எழுதித் தொங்கவிட்டது மாதிரியெல்லோ?" யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருந்தது. கடைசியில் உள்ளாலும் வெளியாலும் பூட்டக்கூடிய ஒரு தடித்த பூட்டைத் தேடிப் பிடித்துக் வெல்டிங்காரரைக் கொண்டு கேட்டோடு சேர்த்து ஒட்டுவித்தேன். அதை உடைக்க யானை வேண்டும் என்றார் ஒட்டியவர். எனக்குப் பரம திருப்தி.

அக்கா தன் பங்குக்குக் கமரா வாங்கித் தந்தாள். அதை வாசல் அறையின் மூலையில் பொருத்தினோம். அம்மா எங்கே போகிறார், யார் வருகிறார்கள் என்று ரொறொன்ரோவிலிருந்தும் வத்தளையிலிருந்தும் பார்க்கலாம். அம்மா வெளியே போகும்போதெல்லாம் கரண்ட் வீணாகுது என்று வைஃபை வயரைப் பிடுங்கிவிடுவார் என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் ஆள் இருக்கும்போது கண்ணைத் திறந்திருந்து, ஆள் இல்லாதபோது கண்ணை மூடிக்கொள்ளும் காவல்காரனை நாங்கள்தான் முதன்முதலில் வேலைக்கு வைத்திருப்போம்.

அம்மாவுக்கு எங்கள் ஏற்பாடுகளில் நம்பிக்கை இல்லை. அவருடைய ஏற்பாடுகள் வேறு. அப்பாவின் சாரம் ஒன்றைக் கிழமைக்கு ஒருமுறை தோய்த்துப் பல்கனியில் காயப்போடுவார், கீழேயிருந்து பார்த்தால் தெரியும்படி விரித்து. அப்பாவின் செருப்பை வாசலில் வைத்திருந்தார். கள்ளனைப் பயமுறுத்த வைத்த அந்தச் செருப்பை ஒரு நாள் கள்ளன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அக்காவும் நானும் ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை நான் போனபோது என் பழைய செருப்பைக் கேட்டார். கொடுத்தேன். எனக்கு அப்பாவைவிடச் சின்னக் கால். அதைப் பார்த்து, "கிட்ட வந்து அளந்தோ பாக்கப்போறாங்கள்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இப்போது யோசிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் கள்ளனுக்குப் பயப்படத் தொடங்கியதே பிந்தித்தான். யுத்த காலத்தில், நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், இதே கதவைத் தட்டியவர்கள் கள்ளர்கள் அல்ல, பொலிசும் ஆமியும். அவர்களுக்குப் பூட்டும் ஒரு பொருட்டல்ல. தட்டினால் திறக்க வேண்டும், உடனே திறக்க வேண்டும். அப்பா எல்லோருடைய அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவையும் கதவுக்குப் பக்கத்து மேசை லாச்சியில் வைத்திருப்பார். தட்டும் சத்தம் கேட்டதும் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, சேர்ட்டைப் போட்டபடி, "என்ன ஐயா" என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே போவார். அம்மா எங்களை அறைக்குள் தள்ளிவிட்டு அவருக்குப் பின்னால் போய் நிற்பார். அப்பா அவர்களோடு பேசி முடித்துத் திரும்பி வரும்வரை அம்மாவின் கை அவருடைய சேர்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்திருக்கும். அந்த வீட்டில் கதவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் எப்போதும் அப்பா நின்றிருக்கிறார். இதை நான் முன்பே யோசித்திருந்தால் அந்த நாய்க் கதையைச் சொல்லியிருக்கமாட்டேன்.

எங்கள் கட்டிடத்தில் இருந்த பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட இப்போது அங்கே இல்லை. எதிர் வீட்டுக்கு ஒரு முஸ்லிம் தம்பதி வாடகைக்கு வந்தார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள். அவர் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் இருந்தார். மனைவி வீட்டில், இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை. அம்மாவின் கேட்டும் அவர்களுடைய கதவும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. அம்மா சொல்வது அவர்கள் வீட்டுக்குள் கேட்காமல் இருக்க வழியில்லை.

அந்தப் பிள்ளை ஒரு நாள் அம்மாவைப் படியில் கண்டு, "அங்கிளுக்கு எப்பிடி அன்ரி? சொகமில்லியா?" என்று கேட்டிருக்கிறாள். எந்த நேரமும் 'படுங்கோ' என்று சொல்லிவிட்டுப் போகிறாரே, ஆள் படுத்த படுக்கையாக்கும் என்று நினைத்துவிட்டாள்.

அம்மா சற்றும் தடுமாறாமல், "அவர் அப்பிடியேதான் இருக்கிறார் பிள்ளை," என்றாராம்.

இதை அம்மாவே பெருமையோடு எனக்குச் சொன்னார். நான் தலையில் கை வைத்தேன்.

"நான் ஒரு பொய்யும் சொல்லேல்லையே," என்றார் அம்மா. "அப்பிடியேதானே இருக்கிறார்." சுவரில் மாலை போட்ட படத்தில் அப்பா அப்படியேதான் இருந்தார். அதை மறுக்க முடியாது.

எங்கள் ஆட்களில் ஒருத்தியாக இருந்தால் அம்மாவின் நெற்றியைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்திருப்பாள். குங்குமம் இல்லை, திருநீறு மட்டும். தாலிக்கொடி இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும்? அம்மாவின் வெறும் நெற்றி அவளுக்கு வெறும் நெற்றிதான். அம்மா ஆட்களை வீட்டுக்குள் விடுவதும் இல்லை. பேச்சு எல்லாம் கேட்டின் கம்பிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

நோன்பு மாதம் வந்தது. பின்னேரங்களில் எதிர் வீட்டிலிருந்து கஞ்சி வரும், இரண்டு பாத்திரங்களில். ஒன்று அன்ரிக்கு, மற்றது அங்கிளுக்கு. "உங்கட ஆக்கள் சில நாளைக்கி எறைச்சி சாப்பிடமாட்டீங்கதானே அன்ரி, அதான் தனியாக் காய்ச்சின. அங்கிளுக்கு மிளகும் கம்மியாப் போட்டிரிக்கன்." அம்மா கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டையும் வாங்கி, உள்ளே போய் இரண்டையும் குடித்தார். வீணாக்க மனம் வரவில்லை. "மிளகு குறைஞ்ச கஞ்சிதான் நல்லாயிருக்கு" என்று எனக்குச் சொன்னபோது அவர் முகத்தில் பழைய பெருமை இல்லை. "தம்பி, இது எங்கையோ போய் நிக்கப்போகுது" என்றார்.

"அப்ப சொல்லிவிடுங்கோ."

"எப்பிடிச் சொல்லுறது? கஞ்சியைக் குடிச்சுப்போட்டு?"

நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மாவின் கண்ணைக் காட்டுவதற்காக நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா பயறு அவித்து அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அடுப்பில் பயறு இருந்தது. அதை நானும் பார்த்தேன். டொக்டரின் நம்பர் போய்விடும் என்று நான் வாசலில் நின்று அவசரப்படுத்தினேன். கீழே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் அம்மா கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடங்கினார்.

"இஞ்சருங்கோ, நாங்கள் போட்டு வாறம்! கதவைப் பூட்டிக்கொண்டு..."

"அவருக்குக் காது கேக்காது அம்மா! வாங்கோ கெதியா!" என்று கத்தினேன்.

எதிர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பிள்ளை உள்ளே நிலம் கூட்டிக்கொண்டிருந்தாள். அதை நான் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஒழுங்கையில் ஆட்கள் கூடி மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் பல்கனியிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அப்பாவின் சாரம் தொங்கியது. முழங்கால் வலி என்று ஒவ்வொரு படியாக வைத்து ஏறுகிற அம்மா எனக்கு முன்னால் ஏறிப் போனார். நான் மூச்சு வாங்கியபடி பின்னால் ஓடினேன்.

யானை வேண்டும் என்று சொன்ன கேட் ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. கதவு பிளந்து கிடந்தது. பக்கத்தில் கட்டப்படும் கட்டிடத்தில் வேலை செய்யும் இரண்டு பேர் தலையில் தூசியோடு நின்றார்கள். கேட்டை நெம்பிய அவர்களுடைய அலவாங்கு நிலத்தில் கிடந்தது. கேஸை மூடிவிட்டார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். பயறு அவித்த சட்டி கரியாகி, பக்கத்தில் தொங்கிய துணியிலும் மேல் தட்டிலும் பிடித்த நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள். வீடு முழுக்கக் கறுப்பு.

எதிர் வீட்டுத் தம்பி வாசலில் சுவரோடு சாய்ந்து இருந்தார். ஜும்மாத் தொழுகைக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளை உடுப்பு கரியாகியிருந்தது. வலது கையில் மனைவியின் சால்வையைச் சுற்றியிருந்தார்கள், அது சிவந்துகொண்டிருந்தது. இருமல் விடாமல் வந்தது. அம்மாவைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை.

"அன்ரி," என்றார். "எல்லா ரூமும் பாத்திட்டன். கட்டிலுக்குக் கீழயும் பாத்திட்டன். பாத்ரூம் கதவு தொறக்க ஏலாம இருந்திச்சி, அதையும் ஒடச்சிப் பாத்திட்டன். அங்கிளக் காணல்ல அன்ரி. பல்கனியால விழுந்திட்டாரோன்னு கீழயும் எட்டிப் பாத்தன்." அவர் அழுகிறாரா, புகையால் கண்ணீர் வருகிறதா என்று தெரியவில்லை. "அலுமாரியிலயும் பாத்தன்."

பின்னால் நின்ற அந்தப் பிள்ளை சொன்னாள். "பொகை வந்த ஒடன கதவத் தட்டித் தட்டிக் கூப்பிட்டம். ஃபயர்காரங்க வாறவரைக்கும் நில்லுங்கன்னு கீழ உள்ளவங்க சொன்னாங்க. நான்தான் சொன்னன், அவருக்குக் காது கேக்காதாம், அவருட மகனே சொல்லிட்டுப் போனாரு, நாங்க கூப்பிடுறது அவருக்கு வெளங்காது, போய்த் தூக்கிட்டு வாங்கன்னு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தன் மனைவியை விட்டுவிட்டு, ஒரு முறையும் கண்டிராத ஒரு கிழவரைத் தூக்கிவர அந்தத் தம்பி புகைக்குள் தவழ்ந்து போயிருக்கிறார். நான் எரிச்சலில் எறிந்த ஒரு சொல்லை நம்பிப் போயிருக்கிறார். கள்ளனுக்காக நான் தேடித் தேடிப் போட்ட பூட்டு அவருடைய கையைக் கிழித்திருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

அம்மா நிலத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். கரியில் சீலையோடு.

"அவர் இல்லைத் தம்பி," என்றார்.

"எங்க போன? ஆஸ்பத்திரியிலயா?"

அம்மா சுவரைக் காட்டினார். படத்தின் கண்ணாடியில் கரி படிந்திருந்தது. அப்பாவின் மூக்குக் கண்ணாடியும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன. "அவர் மோசம் போய் நாலு வருசம்."

அந்தத் தம்பி படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வேலைக்காரர்களில் ஒருவர் மற்றவரிடம் சிங்களத்தில் என்ன என்று கேட்டார். மற்றவர் சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கினார்.

"அப்ப நீங்க ஒவ்வொரு நாளும்..."

"கள்ளனுக்குச் சொன்னனான் தம்பி," என்றார் அம்மா. "வீட்டிலை ஆம்பிளை இருக்கெண்டு கள்ளன் நினைக்கட்டும் எண்டு." சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது. வீட்டை உடைத்து உள்ளே போன ஒரே ஆள் அவருக்கு முன்னால் கை கிழிந்து இருந்தார்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன். அவர் இருமலை அடக்கிக்கொண்டு, "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று மெதுவாகச் சொன்னார். சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்வது. நாலு வருடம் பிந்தி என் அப்பாவின் சாவுக்கு ஒருவர் துக்கம் சொன்னார். அன்றைக்குத்தான் நான் முதன்முறையாக அந்த வீட்டில் அழுதேன். செத்தவீட்டன்று எனக்கு ஆயிரம் வேலை இருந்தது.

அவருடைய கையில் தையல் போட வேண்டியிருந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, ஆள் உள்ளுக்கு இரிந்தா பெரிய மோசம்தானே. ஆள் இல்லாதது நல்லதுதானே," என்றார். அடுத்த நாள் ஒட்டுகிறவரைப் பிடித்து வந்து கேட்டையும் கதவையும் சரிசெய்வித்ததும் அவர்தான், இடது கையால் சைகை காட்டி.

ஆனால் அம்மா மாறிப்போனார். எதிர் வீட்டுப் பிள்ளை சாப்பாடு கொண்டுவந்து தட்டினால் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, குனிந்தபடியே வாங்கிக்கொண்டு மூடிவிடுவார். கடைக்குப் போகும்போது கதவைச் சாத்தி, திறப்பைத் திருப்பிவிட்டுப் பேசாமல் போனார். இனி எதற்குச் சொல்வது? எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாம் மாடியில் ஒரு கிழவி தனியாக இருக்கிறாள் என்று ஒழுங்கையின் ஓட்டோக்காரர்வரை தெரிந்துவிட்டது. பல்கனியில் சாரம் காயவில்லை. வாசலில் என் பழைய செருப்பைக் காணவில்லை. அதை அவரே குப்பையில் போட்டுவிட்டார்.

எத்தனை நாள் அந்தக் குரலைக் கேட்டு எரிந்து விழுந்திருக்கிறேன்! இப்போது அம்மா சத்தமில்லாமல் படியிறங்குவதைப் பார்க்கும்போது, யாரோ வீட்டிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது போல இருந்தது.

அக்கா ஃபோனில் அழுதாள், கத்தினாள். இனி அம்மாவைத் தனியே விட முடியாது, வீட்டை வாடகைக்குக் கொடு என்றாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அம்மாவிடம் சொல்லச் சண்டைக்குத் தயாராகப் போனேன். "சரி தம்பி, வாறன்," என்றார் அம்மா. "இஞ்சை இருந்து ஆரின்ரையும் பிள்ளையைச் சாகக் குடுக்கேலாது." அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

வத்தளைக்குப் புறப்பட்ட அன்று இரண்டு பெட்டிகளை நான் தூக்கிக்கொண்டேன். அப்பாவின் படத்தையும் எடுங்கோ என்றேன். "அது அங்கையே கிடக்கட்டும். பிறகு பாப்பம்," என்றார். கதவைச் சாத்தினார். கேட்டை இழுத்துப் பூட்டினார். திறப்பு கைப்பைக்குள் போனது. படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

எதிர்க் கதவு திறந்தது. கட்டுப்போட்ட கையோடு அந்தத் தம்பி நின்றார். பின்னால் அந்தப் பிள்ளை. அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன அன்ரி," என்றார் அவர். "அங்கிளுக்குச் சொல்லாமப் போறீங்க?"

அவர் கிண்டல் பண்ணுகிறாரோ என்று ஒரு கணம் எனக்குக் கோபம் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையைத் துழாவினார். திறப்பு அடியில் போய்விட்டது. குடையை என்னிடம் தந்துவிட்டுத் தேடி எடுத்தார். கேட்டைத் திறந்தார். கதவைத் திறந்தார். ஒரு சாண் அல்ல, முழுவதுமாக. அந்தத் தம்பிக்கும் அந்தப் பிள்ளைக்கும் நேரே தெரியும்படி, துடைத்துச் சுத்தமாக்கிய கண்ணாடிக்குள் அப்பா இருந்தார்.

"இஞ்சருங்கோ," என்றார் அம்மா. கத்தவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "நான் போட்டு வாறன்."

"போய்ட்டு வாங்க அன்ரி," என்றார் எதிர் வாசலில் நின்றவர். "நாங்க இரிக்கம்தானே."

எங்கள் வத்தளை வீட்டுக்கு உயரமான மதில் இருக்கிறது. மதிலின் மேல் கண்ணாடித் துண்டுகள், முற்றத்தில் ஒரு நாய், தெருவில் காவலுக்கு ஆள். அம்மாவுக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. பேரப்பிள்ளைகளோடு டிவி பார்த்தார். என் மனைவி கொடுத்ததைச் சாப்பிட்டார். வெளியே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பேசாமல் காரில் ஏறி, பேசாமல் இறங்குவார். வாடகைக்கு ஆள் பார்க்கச் சொல்லி ஒரு புரோக்கரோடு நான் பேசிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா குளித்து, திருநீறு பூசி, சீலை மாற்றிக்கொண்டு வாசல் கதிரையில் இருந்தார். இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் இருந்தன.

"எங்கை வெளிக்கிட்டியள்?"

"வீட்டை. வெள்ளவத்தைக்கு."

நான் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். நெருப்பு, புகை, முழங்கால், அக்காவின் அழுகை. அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். இனி மறதிக்கு இடம் வைக்கமாட்டேன், அடுப்பு மூடியிருக்கிறதா என்று பார்க்க அந்தப் பிள்ளையை உள்ளே கூப்பிடுவேன், திறப்பில் ஒன்றை அவர்களிடம் கொடுத்து வைப்பேன் என்றார். ஏற்கெனவே அந்தப் பிள்ளையோடு ஃபோனில் பேசிவிட்டார் என்று தெரிந்தது.

"இஞ்சை என்ன குறை அம்மா?"

"ஒரு குறையும் இல்லை. நான் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டெல்லோ வந்தனான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "அது கள்ளனுக்குச் சொல்லுறதுதானே! எத்தினை தரம் கேட்டிருப்பன்? கள்ளனுக்கு எண்டுதானே சொன்னனீங்கள்?"

அம்மா எழுந்து, சீலைத் தலைப்பைச் சரிசெய்து, குடையைக் கையில் எடுத்தார்.

"இந்த முறை அவருக்குச் சொன்னனான்," என்றார். "பாத்துக்கொண்டிருப்பார். காரை எடு."